தேயிலைக்குப் பின்னால் ஒரு கப்பல்

(தோட்ட வாசிகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்திருப்பது ஒரு நாவலாசிரியரைப் பற்றி. சம்பளம், வீடு, காணி என்று இத்தனை பிரச்சினை இருக்கும்போது நாவல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முழுவதையும் கேட்டுவிட்டு, சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

அவர் பெயர் அமிதாவ் கோஷ். 1956 இல் கல்கத்தாவில் பிறந்த வங்காளி. சிறு வயதில் சில காலம் நமது கொழும்பிலும் இருந்தவர். ஆங்கிலத்தில் எழுதுகிறார். 2000 இல் வந்த அவருடைய ‘கண்ணாடி மாளிகை’ நாவலில் மலாயாவின் ரப்பர் தோட்டமும் அங்கே பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளரும் வருகிறார்கள். அந்த நாவல் பொதுநலவாயப் பரிசுக்கான போட்டியில் இருந்தபோது, அதை அவரே விலக்கிக்கொண்டார். பழைய சாம்ராஜ்யத்தை நினைவூட்டும் அந்தப் பெயரின் கீழ் தன் புத்தகம் நிற்க வேண்டாம் என்பது அவர் நிலைப்பாடு.

இனி தேயிலைக்கு வருவோம். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்றுதான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அது உண்மை. ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை.

அதற்கு முன்னர் வெள்ளைக்காரன் குடித்தது சீனத் தேயிலை. சீனர்கள் அதற்கு வெள்ளிக்காசு கேட்டார்கள். கப்பல் கப்பலாக வெள்ளி வெளியே போனதும் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வழி கண்டது. பீகார்ப் பக்கத்து விவசாயிகளைக் கொண்டு கசகசாச் செடி போடவைத்து, அதிலிருந்து அபின் எடுத்து, வியாபாரிகள் கையால் சீனாவுக்குள் கள்ளமாகத் தள்ளியது. அபின் விற்ற காசில் தேயிலை வாங்கப்பட்டது. சீன அரசு அபினைப் பிடித்து அழித்தபோது, 1839 இல் சண்டை மூண்டது. 1842 இல் ஹொங்கொங் ஆங்கிலேயர் கைக்குப் போனது. சீனாவை நம்பியிருக்கக் கூடாது என்று அசாமிலும், கோப்பி நோயில் அழிந்தபின் நமது மலைகளிலும் தேயிலை பரவியது.

அந்த பீகார் விவசாயி எப்படிக் கசகசா போட்டான்? கம்பெனி முற்பணம் கொடுத்தது. வாங்கியவன் நெல், கோதுமை போட்ட நிலத்தில் கசகசா போட வேண்டும். விலையைக் கம்பெனிதான் சொல்லும். அறுவடை முடிந்தாலும் கடன் முடியாது. தாய்மாரே, முற்பணம் என்ற சொல் நமக்குப் புதிதா? நம் பாட்டன்மாரின் கழுத்தில் கங்காணி மாட்டியதும் அதே கயிறுதான்.

இதைத்தான் கோஷ் மூன்று நாவல்களாக எழுதினார். 2008, 2011, 2015 ஆம் ஆண்டுகளில் அவை வந்தன. முதல் நாவலில் தீதி என்றொரு கிராமத்துப் பெண். புருஷன் காசிப்பூர் அபின் தொழிற்சாலையில் வேலை செய்து, அபினுக்கே அடிமையாகிச் சாகிறான். அவளைச் சிதையில் ஏற்றப் போகிறார்கள். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட மாட்டுவண்டிக்காரன் காலுவா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். பிழைக்க வழியில்லாமல் இருவரும் மொரிசியஸ் தீவுக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறுகிறார்கள். அந்தக் கப்பல் முன்னர் ஆபிரிக்க அடிமைகளை ஏற்றிய கப்பல். அதே தளத்தட்டு, அதே இருட்டு. ஏறியவர்களுக்குத்தான் பெயர் மாறிவிட்டது: கூலி.

இது கதை. ஆனால் இதை எழுத அவர் எங்கெல்லாம் தேடினார் என்பதுதான் நமக்குப் பாடம்.

மொரிசியஸில் அடிமை முறை 1835 இல் ஒழிந்தது. அதற்கு முன்பே, 1834 நவம்பர் 2 ஆம் திகதி, ‘அட்லஸ்’ என்ற கப்பலில் 36 பேர் இந்தியாவிலிருந்து அங்கே இறக்கப்பட்டார்கள். பின்னர் நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் சென்னை மாகாணத்துத் தமிழரும் உண்டு. இன்றும் அந்நாட்டுப் பணத்தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. தைப்பூசக் காவடி அங்கே அரச விடுமுறை. கப்பல் இறங்கியவர்கள் மிதித்து ஏறிய 16 கல் படிகள் போர்ட் லூயி துறைமுகத்தில் உள்ளன. அந்த இடம் 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

அங்கே ஆள் ஆளாக ஒப்பந்தம் எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, உயரம், உடம்பில் உள்ள தழும்பு, பிற்காலத்தில் புகைப்படமும் கூட. ஆளைக் கணக்கு வைக்கத் துரைமார் எழுதிய புத்தகங்கள் அவை. கோஷ் அந்தத் தீவின் ஆவணக் காப்பகத்தில் அத்தகைய தாள்களைப் படித்தார். கூலி அனுப்புவதைப் பற்றி கிரியர்சன் என்ற அதிகாரி 1883 இல் எழுதிய அறிக்கையையும் படித்தார். ஆளைக் கட்டிவைக்க எழுதிய காகிதத்திலிருந்தே அந்த ஆளின் வாழ்க்கையை வெளியே எடுத்தார்.

கடல் பயணத்தை எழுதக் கப்பல்காரரின் பேச்சு தெரிய வேண்டும். பாய்மரக் கப்பல்களில் உழைத்த ஆசியத் தொழிலாளரை லஸ்கர் என்பார்கள். வங்காளி, அரபி, மலாய், கோவாக்காரர், தமிழர் எல்லாரும் ஒரே கயிற்றை இழுத்தவர்கள். பல மொழியும் கலந்து அவர்களுக்கென்று ஒரு பேச்சு உண்டானது. தோமஸ் ரோபக் என்பவர் 1811 இல் அச்சிட்ட கப்பல் சொல் அகராதி ஒன்றைக் கோஷ் தேடிப் பிடித்து, அந்தப் பேச்சை நாவலில் மறுபடி பேசவைத்தார். லஸ்கர்களின் தலைவன் செராங். ஆள் சேர்ப்பவனும் அவன்தான், வேலை வாங்குபவனும் அவன்தான், சம்பளத்தில் பங்கு எடுப்பவனும் அவன்தான். நம் பெரியங்கங்காணியின் கடல் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோழர்களே, மொரிசியஸ்காரன் தன் பூட்டனின் பெயரைப் பதிவேட்டில் தேடிப் பார்க்க முடியும். நம்மில் எத்தனை பேருக்கு அது முடியும்? நம்மவர்கள் கங்காணியின் கூட்டமாக வந்தார்கள். கப்பலை விட்டு இறங்கிக் காட்டு வழியே நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கு வைக்கவில்லை. நம்மவர் பெயர் ஏறியது கடன் எழுதிய துண்டில். அந்தத் துண்டு முறை ஒழிந்தது 1921 இல்தான். பிறகு செக்ரோலில். அங்கே பேர் என்றாலே ஒரு நாள் சம்பளம் என்றுதானே அர்த்தம்? முழுப் பேர், அரைப் பேர்.

காகிதம் இல்லாததற்கு நாம் கொடுத்த விலை சின்னதா? 1948 இல் பிரஜாவுரிமை போனது. அடுத்த வருடம் வந்த சட்டம், இத்தனை வருடம் தொடர்ந்து இந்நாட்டில் இருந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது. லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர்களிடம் அத்தாட்சி கேட்டார்கள். காட்ட முடியாத குடும்பங்கள் நாடற்றவை ஆயின. நாளைக்கு இந்த ஏழு பேர்ச் காணிக்கு உறுதி கேட்டுப் போகும்போதும், எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறாய் என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

நமக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. தொழிற்சங்கவாதியும் பாராளுமன்ற உறுப்பினருமாக இருந்த சி.வி. வேலுப்பிள்ளை, நம் மக்களின் பாடல்களைத் தேடிச் சேர்த்துப் புத்தகமாக்கினார். சங்க வேலையும் எழுத்து வேலையும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கொப்பி போடுவோம். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம், சம்பளத் துண்டு, ஈ.பி.எப். கடிதம் எதையும் எரிக்கவோ கறையானுக்குக் கொடுக்கவோ வேண்டாம். தொலைபேசியில் படம் எடுத்து, ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்தில் ஒப்படையுங்கள். பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பாயி, அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து வந்தோம், யார் கூட்டி வந்தார், முதலில் எந்தத் தோட்டம்? அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். திருத்த வேண்டாம்.

எண்பது வயதைத் தாண்டியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் சிலர்தான் மிச்சம். அவர்களிடமிருந்து தொடங்குவோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டமும் குறைந்தது ஐந்து குடும்பங்களின் விபரத்தோடு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.