புத்தகம் போட யாருக்குப் பணம் கட்டணும்?

(ஒன்றியக் கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



கறவை மாட்டுக் கடன், தையல் மெஷின் கடன், பெட்டிக்கடைக் கடன் என்று எத்தனையோ விண்ணப்பங்களை நமது கடன் குழு பார்த்திருக்கிறது. இந்த மாதம் வந்திருக்கிற விண்ணப்பம் புதுசு. நம் உறுப்பினர் ஒருவர் தன் வாழ்க்கையைக் கதையாக எழுதி வைத்திருக்கிறார். நான்கு நோட்டு நிறைய. "நாங்க எழுத்தாளர்களுக்கு ஏஜெண்டு. 35,000 ரூபாய் கட்டுங்க, புத்தகமாப் போட்டு 100 பிரதி வீட்டுக்கு அனுப்புறோம்" என்று ஒருவர் போனில் சொல்லியிருக்கிறார். ஒரு வாரத்துக்குள் கட்டினால் தள்ளுபடியாம். அந்தப் பணத்துக்குத்தான் கடன் கேட்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை இங்கே பேசுகிறோம். கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள். அதற்கு முன்னால் புத்தகத் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்து கொள்வோம்.

நம்மால் முடியுமா?

"பத்தாவது கூடப் படிக்கல, நம்ம எழுதுனா யார் படிப்பா?" என்று ஒரு அக்கா கேட்டார்கள். வை.மு.கோதைநாயகி அம்மாளுக்கு முதலில் எழுதவே வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படி ஆரம்பித்தவர் 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார்.

திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மாவை, வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி விட்டார்கள். வீட்டாருக்குத் தெரியாமல் எழுதினார். சல்மா என்பதே ஒளிந்து எழுத வைத்துக் கொண்ட புனைபெயர்தான். அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு 2000இல் வந்தது. அடுத்த வருடமே பேரூராட்சித் தலைவரானார்.

பேபி ஹால்தார் வங்காளத்துப் பெண். 12 வயதில் கல்யாணம். கணவனின் அடி தாங்காமல் மூன்று பிள்ளைகளோடு ரயிலேறி டெல்லிப் பக்கம் வந்து வீட்டு வேலை செய்தார். வேலை பார்த்த ஒரு வீட்டில் பிரபோத் குமார் என்ற ஓய்வு பெற்ற பேராசிரியர் இருந்தார். புத்தக அலமாரியைத் துடைக்கும்போது இந்தப் பெண் நின்று நின்று பார்ப்பதைக் கவனித்து, நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்து "உன் கதையை எழுது" என்றார். வேலையெல்லாம் முடிந்து பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதினார். 2002இல் இந்தியில் புத்தகமாக வந்தது. 2006இல் ஆங்கிலத்தில் வந்து பல நாடுகளுக்குப் போனது.

ஏஜெண்டு என்றால் யார்?

பேபி ஹால்தாருக்காக அந்தப் பேராசிரியர் என்ன செய்தார்? படித்துப் பார்த்தார். திருத்தம் சொன்னார். இந்தியில் மொழிபெயர்த்தார். விஷயம் தெரிந்த நண்பர்களிடம் காட்டினார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்படி எழுதியதைச் சரிபார்த்து, சரியான பதிப்பாளரிடம் சேர்த்து, விலை பேசிக் கொடுப்பதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்குத்தான் இலக்கிய ஏஜெண்டு என்று பெயர். அவர்களுக்குக் கூலி எப்படி? புத்தகம் விலை போய் எழுத்தாளருக்குப் பணம் வந்தால், அதில் பெரும்பாலும் 15 சதவீதம். விலை போகவில்லையென்றால் ஒன்றும் கிடையாது. படித்துப் பார்க்கக் கூட நல்ல ஏஜெண்டு பணம் கேட்க மாட்டார்.

நம் நாட்டில் ஆங்கிலப் புத்தகங்களுக்கு இப்படிச் சில ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். தமிழில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. எழுதியவரே பத்திரிகைக்கும் பதிப்பகத்துக்கும் நேராக அனுப்புவதுதான் இங்கே நடைமுறை. ஆகவே ஒன்றை மனதில் வையுங்கள். ஏஜெண்டோ பதிப்பாளரோ, பணம் அவர்களிடமிருந்து எழுத்தாளருக்கு வர வேண்டும். முன்பணம் கேட்டால் அவர் விற்பது உங்கள் புத்தகத்தை அல்ல, உங்களுக்கே அச்சு வேலையை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

100 பிரதிக்கு 35,000 என்றால் ஒரு பிரதி 350 ரூபாய். புத்தகத்துக்கு 200 ரூபாய் விலை வைத்து நூறையும் விற்றால் கூட 20,000தான் கையில் வரும். 15,000 நஷ்டம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் முதல் மாத வட்டியே 350. மாடு பால் கறந்து கடனை அடைக்கும். இது எதைக் கறந்து அடைப்பது?

பதிப்பகம் தன் செலவில் போட்டால் எழுத்தாளருக்கு உரிமத்தொகை, அதாவது ராயல்டி தர வேண்டும். 10 சதவீதம் என்று பேசினால், 200 ரூபாய்ப் புத்தகத்துக்குப் பிரதிக்கு 20 ரூபாய். 300 பிரதி விற்றால் 6,000. பெரிய பணம் இல்லை. ஆனால் கைக்காசு ஒரு பைசா போகவில்லை. ராயல்டியே சரியாகத் தராத பதிப்பகங்களும் உண்டு. அதனால்தான் எழுத்தில் வாங்க வேண்டும் என்கிறோம்.

சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க நூறு பிரதி போதும் என்றால் நாமே அச்சுப் போடுவதில் தப்பில்லை. அப்போது இரண்டு மூன்று அச்சகத்தில் விலைப்புள்ளி வாங்கி ஒப்பிட வேண்டும். மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்க்காமலா பிடிக்கிறோம்?

செய்ய வேண்டியவை

1. நோட்டை யாரிடமும் கொடுத்து விடாதீர்கள். ஜெராக்ஸ் எடுங்கள், அல்லது ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடியுங்கள். இருக்கிற ஒரே பிரதி தொலைந்தால் திரும்பக் கிடைக்காது.

2. குழுவில் வாசித்துக் காட்டுங்கள். எங்கே கேட்கிறவர்கள் கொட்டாவி விடுகிறார்களோ அங்கே வெட்டுங்கள். பேச்சு வழக்கை மாற்றத் தேவையில்லை. பாமா 1992இல் 'கருக்கு' எழுதியபோது தம் ஊர் மக்களின் பேச்சிலேயே எழுதினார். அதுவே அதன் பலம் ஆனது.

3. அக்கம்பக்கத்தாரைப் பற்றி எழுதினால் பேர், ஊர் மாற்றுங்கள். 'கருக்கு' வந்த புதிதில் ஊரார் கோபத்தால் பாமா சில மாதங்கள் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு அதே மக்கள் புரிந்து கொண்டார்கள். உண்மையை எழுதத்தான் வேண்டும். அதன் விளைவையும் முன்னாலேயே யோசித்து வைக்க வேண்டும்.

4. போனிலேயே தமிழில் தட்டச்சு செய்யலாம். பேசினால் எழுத்தாக மாற்றும் வசதியும் இருக்கிறது. பிழைகள் வரும், கல்லூரிக்குப் போகிற நம்ம வீட்டுப் பிள்ளைகள் திருத்திக் கொடுக்கட்டும்.

5. முதலில் ஒரு சின்னப் பகுதியை, நான்கைந்து பக்கம், பத்திரிகைக்கு அனுப்புங்கள். அச்சில் ஒன்று வந்திருந்தால் பதிப்பகத்திடம் பேச நமக்கும் தெம்பு இருக்கும்.

6. கிளை நூலகத்துக்குப் போய் நம்மைப் போன்றவர்களின் கதைகளை யார் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். புத்தகத்தின் முதல் பக்கங்களில் பதிப்பக முகவரி இருக்கும். நீங்கள் யார், என்ன எழுதியிருக்கிறீர்கள், எத்தனை பக்கம் என்று ஒரு பக்கக் கடிதமும், ஓர் அத்தியாயமும் அனுப்பினால் போதும். மூன்று மாதம் பொறுத்து விசாரியுங்கள். "வேண்டாம்" என்று வந்தால் அடுத்த பதிப்பகம்.

7. ஏழை எழுத்தாளர்கள் நூல் வெளியிட அரசின் தமிழ் வளர்ச்சித் துறை நிதியுதவி தருகிறது. வருமான வரம்பு உண்டு. அறிவிப்பு எப்போது வரும் என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

கையெழுத்துக்கு முன்னால்

வங்கிப் பாரத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிய நாம், இதில் அப்படிச் செய்யக் கூடாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய அந்த நிமிடமே உரிமை எழுதியவருக்கு. பதிவு கட்டாயம் இல்லை. அந்த உரிமை நம் ஆயுள் முழுவதும், அதற்கு மேல் 60 வருடம் நம் வாரிசுகளுக்கும் உண்டு. வீடு, நிலம் மாதிரி இதுவும் ஒரு சொத்து.

உரிமையை எழுத்து மூலம்தான் மாற்றித் தர முடியும். எத்தனை வருடத்துக்கு, எந்த நாடுகளுக்கு, ராயல்டி எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். வருடம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றே சட்டம் எடுத்துக் கொள்ளும். "எல்லா உரிமையும், என்றைக்கும்" என்று இருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். மொழிபெயர்ப்பு உரிமை, சினிமா உரிமை தனித்தனி. 'கருக்கு' 2000இல் ஆங்கிலத்தில் வந்து பரிசு வாங்கியது. நாளைக்கு நம் கதைக்கும் அந்த வாய்ப்பு வரலாம்.

இன்னொன்று. "ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு இவ்வளவு ஆயிரம்" என்பார்கள். புத்தகத்தின் பின்அட்டையில் இருக்கும் 13 இலக்க எண் அது. நம் நாட்டில் அரசு அதை இலவசமாகத் தருகிறது.

தோழிகளே, கடன் குழுவுக்கு எங்கள் யோசனை இதுதான். விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யாதீர்கள். 35,000 என்பதை நிறுத்தி வையுங்கள். தட்டச்சு, ஜெராக்ஸ், தபால் செலவுக்கு மட்டும் சிறுகடன் கொடுங்கள். போன் செய்தவரிடம் "ஒப்பந்தத்தை எழுத்தில் அனுப்புங்க, எங்க குழுவுல வச்சுப் படிச்சுட்டுச் சொல்றோம்" என்று நம் உறுப்பினர் சொல்லட்டும். அதற்குப் பிறகும் அவர் போன் செய்கிறாரா என்று பார்ப்போம்.

அந்த நான்கு நோட்டில் முதல் நோட்டை, உறுப்பினர் விரும்பினால், அடுத்த மாதக் கூட்டத்தில் வாசிக்க அரை மணி நேரம் ஒதுக்கலாம். சம்மதம் என்றால் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள், படித்துப் பார்த்துவிட்டு!