அண்டை வீட்டாரை விரட்டாதீர்கள்!



2015 பெருவெள்ளத்திற்குப் பின், சென்னைக் கூவம் கரையோர ஏழைகள் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்திற்கு அனுப்பப்பட்டார்கள். அடுக்குமாடி வீடு கிடைத்தது. அருகிலிருந்த பிழைப்பு போனது. உயிர் வாழும் உரிமையில் பிழைப்புரிமையும் அடங்கும் என்று மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் உச்சநீதிமன்றம் 1985லேயே கூறிவிட்டதே!

அரசை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. வியாபாரப் பெருமக்களே! பழைய வீட்டை இடித்து மாடி கட்டுகிறீர்கள். அங்கு வாடகைக்கு இருந்த கூலித் தொழிலாளி எங்கே போவார்? உங்கள் கடை மூட்டையைச் சுமப்பவர் அவரல்லவா? உறவினரான அண்டை வீட்டாருக்கும், அந்நியரான அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யுமாறு திருக்குர்ஆன் (4:36) கட்டளையிடுகிறது.

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் வெளியேற்றப்படும் குடும்பங்களைக் கணக்கெடுங்கள். எந்த மதத்தவராயினும் அவர்களுக்காகக் குரல் கொடுங்கள். வல்ல அல்லாஹ் துணைபுரிவானாக!