பள்ளி நம் பிள்ளைகளை முடக்குகிறதா, வாழ்வுக்கு ஆயத்தம் செய்கிறதா?

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழா நாளில் ஆலயத்தின் வரலாற்றை எடுத்துரைக்கப் பெரியோர் பலர் இருக்கின்றனர். நாம் இன்று பேச விரும்புவது, வீடு சந்திக்கப் போகுமிடமெல்லாம் நம் காதில் விழும் ஒரு கேள்வியைப் பற்றியே. "பத்து வருஷம் பள்ளிக்கூடம் போய் என்ன கண்டான்? கைத்தொழிலும் தெரியவில்லை, வேலையும் இல்லை" என்கிறார் தகப்பனார். "மார்க், மார்க் என்று பிள்ளை சிரிப்பதையே மறந்துவிட்டது" என்கிறார் தாயார். இரண்டும் பொய்யல்ல.

அப்படியானால் படிப்பைக் குறைத்துத் தொழிலைக் கூட்டிவிடலாமா? அதையும் நம் நாடு பார்த்தாகிவிட்டது. 1953-இல் சென்னை மாநில முதலமைச்சர் இராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம், எஞ்சிய வேளையில் பெற்றோரின் தொழிலைப் பழகுதல் என்றொரு திட்டம் கொண்டுவந்தார். குறைந்த செலவில் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் எண்ணம். 'குலக்கல்வி' என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கடுமையாக எதிர்த்தனர். 1954-இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். கைத்தொழில் இழிவானது என்பதல்ல அந்த எதிர்ப்பின் பொருள். செருப்புத் தைப்பவர் மகனும் செருப்பே தைக்கவேண்டும் என்று பிறப்பு தீர்ப்பெழுதிவிடக் கூடாது என்பதே பொருள்.

இனி, கடல் கடந்த ஓர் உதாரணம். இத்தாலி நாட்டில் பிளாரன்ஸ் நகருக்கு அப்பால், மலைமேல் பார்பியானா என்னும் சிற்றூர். சாலை இல்லை, மின்விளக்கு இல்லை. 1954-இல் அங்கு அனுப்பப்பட்ட குரு லொரென்சோ மிலானி, குடியானவர் பிள்ளைகளுக்குத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தினார். அவர்களுள் பலர் அரசுப் பள்ளியில் தோற்று வெளியேறியவர்கள். இங்கே செய்தித்தாளை வரிவரியாகப் படித்தார்கள்; அந்நிய மொழிகள் கற்றார்கள்; பெரியவன் சிறியவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். ஒருவனுக்குப் புரியாவிட்டால் அவனுக்காக மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

1967-இல் அம்மாணவர் எண்மர் சேர்ந்து 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூலை வெளியிட்டனர். ஏழைப் பிள்ளைகளைத் தோற்கடித்து வெளியே தள்ளும் பள்ளியை அதில் கடுமையாகச் சாடினர். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே குரு மிலானி தமது 44-ஆம் வயதில் காலமானார்.

பெற்றோரே, ஒன்றைக் கவனியுங்கள். பள்ளியால் காயப்பட்ட அந்தப் பிள்ளைகள் பள்ளியே வேண்டாமென்று கேட்கவில்லை. எங்களைத் தோற்கடிக்காதீர்கள், பின்தங்கியவனுக்கு இன்னும் அதிக நேரம் கற்றுக்கொடுங்கள் என்றே கேட்டார்கள். ஆகவே பிள்ளையை முடக்குவது பள்ளி அல்ல. தடுமாறுபவனை விட்டுவிட்டு ஓடும் பள்ளியே முடக்குகிறது. அந்த ஓட்டத்தில் நாமும் சேர்ந்துகொண்டு, "அடுத்த வீட்டுப் பையன் எத்தனை மார்க்?" என்று கேட்கும்போது நம் வீடும் அவனை முடக்குகிறது.

எனவே நாம் வேண்டுவன மூன்று. பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளையை மறுவாரமே கூலி வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். துணைத் தேர்வு இருக்கிறது, தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. விடுமுறையில் உங்கள் தொழிலையும் அவன் தெரிந்துகொள்ளட்டும். அது அவன் கைக்குப் பலம், ஆனால் அதுவே அவன் தலைவிதி ஆகவேண்டாம். மூன்றாவது, நம் பங்கு மண்டபம் திருமணத்துக்கும் கூட்டத்துக்கும் மட்டும் திறப்பதாக இராமல், மாலை ஆறு முதல் எட்டு வரை படிப்புக்கும் திறக்கட்டும். கல்லூரி செல்லும் பிள்ளைகள் வாரம் இரு நாள் வந்து சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். சாதி, சமயம் பாராமல் தெருப் பிள்ளைகள் எல்லாரும் வரட்டும்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் கல் சுமந்து இவ்வாலயத்தை எழுப்பினர். நமக்கு வாய்த்திருப்பது அதைவிட எளிய சுமை: ஒரு விளக்கு, ஒரு கரும்பலகை, நாள்தோறும் இரண்டு மணி நேரம். அதை மனமுவந்து ஏற்போமாக. இறைவன் நம் இல்லங்களையும் நம் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.