ரைனுக்கு அப்பால்

 

ஒரு நகரப் பகுதியின் பெயரே உருவகமாக அமைவது அரிது. அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தில், சின்சினாட்டி நகரில் உள்ள ‘ஓவர் தி ரைன்’ அத்தகைய பெயரைத் தாங்கியது. ‘ரைனுக்கு அப்பால்’ என்பது அதன் பொருள். ரைன் ஜெர்மனியில் ஓடும் பேராறு. சின்சினாட்டியில் இருந்ததோ மயாமி-ஈரி என்னும் வெட்டுக் கால்வாய். 19ஆம் நூற்றாண்டில் அதற்கு வடக்கே ஜெர்மானியர் பெருகிக் குடியேறியபோது, அக்கால்வாய்க்கு ரைன் என்னும் பெயர் வழங்கலாயிற்று. பாலத்தைக் கடந்தவர் வேறொரு நாட்டுக்குள் நுழைவதாக ஊரார் பேசிக்கொண்டனர்.

அங்குள்ள வீடுகள் பெரும்பாலும் செங்கல்லால் ஆனவை. முகப்பு குறுகியது, உயரம் மூன்று அல்லது நான்கு மாடி. ஒடுங்கி நீண்ட சாளரங்களும், கூரை விளிம்பைத் தாங்கும் வேலைப்பாடமைந்த தாங்கிகளும் இத்தாலியப் பாணியை நினைவூட்டுவன. கீழ்த்தளத்தில் கடை, மேல்தளங்களில் குடித்தனம். தொழிலும் வாழ்வும் ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்தன. நிலத்துக்கு அடியில், பீர் வடிப்பாலைகளின் குளிர்ந்த நிலவறைகள் இருந்தன. 1855இல் திறக்கப்பட்ட ஃபின்ட்லே சந்தை இன்றும் நடைபெறுகிறது.

இசையும் அம்மக்களின் குடிப்பொருளே. ஜெர்மானியப் பாடகர் சங்கங்களின் மரபில் எழுந்த விழாக்கள் தகரக் கூரையிட்ட மண்டபம் ஒன்றில் நடந்தன. 1875இல் கூரைமேல் கொட்டிய மழையின் ஓசையால் பாட்டு தடைப்பட்டது. அதனைக் கண்ட ரூபன் ஸ்பிரிங்கர் என்னும் வணிகர், நகர மக்களும் ஈடாகப் பொருள் தரவேண்டும் என்ற நிபந்தனையுடன் நன்கொடை வழங்க முன்வந்தார். சாமுவேல் ஹானஃபோர்டு வடிவமைத்த இசை மன்றம் 1878இல் எழுந்தது.

எனினும் இக்குடியிருப்பு எளிதில் ஏற்கப்பட்டுவிடவில்லை. 1855இல் தேர்தலையொட்டிக் குடியேறிகளுக்கு எதிரான கூட்டம் திரண்டபோது, ஜெர்மானியர் தடுப்பரண் அமைத்துத் தம் பகுதியைக் காத்தனர். அன்று கால்வாய் அவர்களுக்கு அகழியாயிற்று. 1840 முதல் ஒகையோவின் சட்டம் பொதுப் பள்ளிகளில் ஜெர்மன் மொழி கற்பிக்க இடமளித்தது. மொழிக்கு அதுவே அரண்.

அந்த அரண் முதல் உலகப் போரில் தகர்ந்தது. 1918இல் பிரெமன் தெரு ‘ரிபப்ளிக்’ தெருவாயிற்று. ஜெர்மன் தெரு ‘இங்கிலிஷ்’ தெருவாயிற்று. ஒரு கட்டடத்தின் மேல் நின்ற ஜெர்மானியா சிலைக்குக் கொலம்பியா என்று பெயர் சூட்டப்பட்டது. கல் அதே கல். பெயர் மட்டும் வேறு. 1919இல் ஒகையோ மாநிலம் தொடக்க வகுப்புகளில் ஜெர்மன் கற்பிப்பதைத் தடை செய்தது. இத்தகைய சட்டங்கள் செல்லாவென நாட்டின் உச்ச நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்தது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் அம்மொழியின் தொடர்ச்சி அறுந்துவிட்டது. மதுவிலக்கு வடிப்பாலைகளை மூடியது. 1920இல் கால்வாயும் வற்றடிக்கப்பட்டது. அதன் தடத்தில் தொடங்கிய சுரங்க ரயில் பணி முற்றுப்பெறவில்லை. 1928இல் அதன்மேல் ‘சென்ட்ரல் பார்க்வே’ சாலை திறக்கப்பட்டது. ரைன் இல்லை, ‘ரைனுக்கு அப்பால்’ மட்டும் இருக்கிறது.

ஜெர்மானியர் புறநகர்களுக்குச் சென்றபின், அவர்களுடைய வீடுகளில் அப்பலாச்சிய மலைநாட்டு ஏழைகள் குடியேறினர். நெடுஞ்சாலைக்காகவும் நகரச் சீரமைப்புக்காகவும் வெஸ்ட் எண்ட் பகுதியிலிருந்து அகற்றப்பட்ட கறுப்பின மக்கள் பலரும் அங்கு வந்தனர். 1900இல் 40,000 பேருக்கு மேல் வாழ்ந்த இடத்தில், நூறாண்டுக்குப் பின் 10,000 பேர்கூட இல்லை. 1983இல் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் இப்பகுதி சேர்க்கப்பட்டபோது, வாடகை உயரும், ஏழைகள் வெளியேற நேரும் என்று அஞ்சி எதிர்த்தோர் இருந்தனர். 2001இல் காவலர் ஒருவர் கறுப்பின இளைஞரைச் சுட்டுக் கொன்றதையடுத்து அங்குப் பெருங்கலவரம் மூண்டது. 2003க்குப் பின் நிகழ்ந்த பெருஞ்சீரமைப்பு பாழடைந்த பல முகப்புகளை மீட்டது. குறைந்த வாடகை வீடுகளோ அருகின. எதிர்த்தோரின் அச்சம் வீண் போகவில்லை.

கவிஞர்கள் கருதத்தக்கது இதுவே. ஒரு மக்களின் மொழி அவ்வீடுகளை விட்டு நீங்கியபோது சுவர்கள் அதனைத் தடுக்கவில்லை. பின்வந்த மக்கள் நீங்க நேரும்போதும் அவை தடுப்பதில்லை. பழங்கட்டடத்தைக் காப்பது நற்பணி, ஐயமில்லை. ஆயின் சுவரைக் காத்து, அதனுள் ஒலித்த குரலைக் காவாதொழிந்தால், எஞ்சுவது மரபன்று. அதன் முகப்பு மட்டுமே. வீட்டைச் செப்பனிடுவோர் அதில் வாழ்வோரையும் கணக்கில் கொள்ளல் வேண்டும். தெருப்பெயரை எழுதுவோர் பழைய பெயரையும் அழியாது காத்தல் வேண்டும்.

யாரோ சிலர் ஒரு வெட்டுக் கால்வாயைப் பேராறு என்று அழைத்தனர். நீர் வற்றிய பின்னும் அச்சொல் வற்றவில்லை. சொல்லைத் தொழிலாகக் கொண்டோர்க்கு இதனினும் பெரிய ஊக்கமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.