போர்க்களத்தில் ஔஷத தானம்
(திருவண்ணாமலையில் ஆற்றிய உரை)

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானத்தை நான்காக வகுத்தனர் நம் ஆன்றோர். படையுடை தரித்தோர் இவற்றை ஈதல் கூடுமோ என இளைஞர் ஒருவர் வினவினார்.

1950இல் கொரியப் போருக்குப் பாரதம் போரிடும் படையை அனுப்பவில்லை. 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவையே அனுப்பியது. தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். அந்த ‘ஏ’ ஆர்க்காட்டைக் குறிப்பது, நமக்கு அயலூர்தான்! டிசம்பரில் பியாங்யாங்கை விட்டு அனைவரும் பின்வாங்கியபோது, மருத்துவச் சாதனங்களைக் கைவிட மனமின்றி, கிடைத்த நீராவி எஞ்சினுக்கு வாளிவாளியாக நீர் ஊற்றி, பாலம் தகர்க்கப்படுமுன் ரயிலை ஓட்டிச் சென்றனர்.

இதனை அபய தானம் என்னத் துணியேன். ஔஷத தானம் என்பதில் ஐயமில்லை. பிரிவின் ஒரு பகுதியினர் தேகு நகரில் தங்கிப் பொதுமக்களுக்கும் மருத்துவம் செய்தனர். அவர்கள் தாயகம் திரும்பியது 1954இல்.