நிவாரணப் பணம் யார் கைக்குப் போய்ச் சேர்கின்றது?

(புயல் நிவாரணம் பற்றிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



மேடைகளில் நாம் வழக்கமாகப் பேசுபவை பெரிய விடயங்கள். மொழியுரிமை, நிலவுரிமை, ஆட்சியுரிமை என்பவற்றைப் பற்றிப் பேசி வந்தோம், இனியும் பேசுவோம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றின் முன்னே சிறியதாகத் தோன்றலாம். புயலினால் வீட்டையும் பயிரையும் இழந்த குடும்பத்துக்கு அரசாங்கம் கொடுக்கும் பணம் அக்குடும்பத்தின் கைக்கு எவ்வழியாக வருகின்றது, எவ்விடத்தில் தடைப்படுகின்றது என்பதே அப்பொருள். ஆட்சி என்பது யாது என்பதை ஓர் ஏழைக் குடியானவன் நேரிலே காண்பது பாராளுமன்றத்தில் அன்று. வெள்ளம் வடிந்த பின்னர் கிராம அலுவலரின் மேசை முன்னே நிற்கும்போதுதான். ஆகவே இச்சிறிய பொருளைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

புயல் நமக்குப் புதியதன்று. 1964 டிசம்பரிலே திருகோணமலையையும் மன்னாரையும் தாக்கிய சூறாவளியை நமது முதியோர் மறந்திலர். 1978 நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைச் சூறையாடிய புயலை இன்றும் ஆண்டுக் கணக்கு வைத்துப் பேசுகின்றனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. மாண்டோரும் காணாமற்போனோருமாக இந்நாடு 35,000 பேருக்கு மேல் இழந்தது. 2025 நவம்பர் இறுதியிலே டித்வாப் புயல் வந்தது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டிலே மண் சரிந்து குடியிருப்புகளை மூடிற்று. வடக்கிலும் கிழக்கிலும் பெரும்போக வயல்கள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. துயரம் மீண்டும் மீண்டும் வருகின்றது. நிவாரணத்தைப் பங்கிடும் முறையை மட்டும் நாம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்கத் தொடங்குகின்றோம்.

முதலாவதாக, பொருளாகக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா என்ற வினாவுக்கு விடை காண்போம். புயல் ஓய்ந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் பணத்துக்குப் பயனில்லை. பாதை அறுந்து கடை அடைபட்டிருக்கும்போது ரூபாத் தாளைச் சமைத்து உண்ண முடியாது. அப்பொழுது வேண்டுவன சமைத்த சோறு, குடிநீர், மருந்து, பாய், பால்மா என்பனவே. ஆனால் சந்தை கூடத் தொடங்கிய நாள் முதலாகப் பணமே சிறந்த நிவாரணமாகும். ஒரு வீட்டுக்கு அடுப்பும் பானையும் வேண்டும். மற்றொரு வீட்டுக்குப் பிள்ளையின் பாடப் புத்தகம் வேண்டும். வேறொரு வீட்டுக்கு மண்வெட்டியும் விதைநெல்லும் வேண்டும். இவற்றைக் கொழும்பிலிருந்து எவரும் கணித்து அனுப்ப முடியாது. 2004இன் பின்னர் அன்பின் மிகுதியால் அனுப்பப்பட்ட உடுப்பு மூட்டைகள், உடுப்பாரின்றி முகாம்களின் ஓரத்தில் குவிந்து கிடந்ததை நாம் மறக்கலாகாது. பணமாகக் கொடுத்தால் அது நமது ஊர்க் கடையிலேயே செலவாகி, வெள்ளத்தில் நட்டமடைந்த சிறு வியாபாரியையும் தூக்கி நிறுத்தும்.

"பணம் கொடுத்தால் குடித்து அழிப்பார்கள்" என்று சிலர் சொல்லுவர். பல நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வுகள் இவ்வச்சத்துக்குப் பெரிதும் ஆதாரம் இல்லையென்றே காட்டியுள்ளன. ஒருவர் இருவர் அவ்வாறு செய்யலாம். அதன் பொருட்டு ஊர் முழுவதையும் சிறுபிள்ளையாக நடத்துவது நியாயமாகாது. உண்மையாகக் கவனிக்க வேண்டிய ஆபத்து வேறொன்று உண்டு. பொருள் வராத இடத்தில் பணம் மட்டும் வந்தால் விலை ஏறும். ஆகையால் பணம் வழங்கும் நாளுக்கு முன்னரே பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் அரிசி, மா, சீனி, கூரைத் தகடு ஆகியவை இருப்பில் உள்ளனவா என்பதைப் பார்த்தல் வேண்டும்.

இனி, முக்கியமான இடத்துக்கு வருகின்றோம். நிவாரணப் பணத்தின் வாயில் பணப்பெட்டி அன்று; பட்டியலே ஆகும். பட்டியலில் பெயர் இருந்தால் பணம் வரும். இல்லையெனில் எத்துணைக் கண்ணீருக்கும் பணம் வாராது.

2004இன் அனுபவத்தைப் பாருங்கள். அன்று அரசாங்கம் குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபா என்றும், ஆளொருவருக்கு வாரம் 375 ரூபா பெறுமதியான பங்கீடு என்றும், அதில் 200 ரூபா பணமாகவும் 175 ரூபா உலர் உணவாகவும் கொடுப்பதென்றும், சமையற் பாத்திரங்களுக்கு 2,500 ரூபா என்றும், இறந்தோரின் ஈமச் செலவுக்கு 15,000 ரூபா என்றும் அறிவித்தது. திட்டம் நல்லதே. ஆனால் 5,000 ரூபாக் கொடுப்பனவு முதலில் பரவலாக வழங்கப்பட்டு, பின்னர் விதி இறுக்கப்பட்டு, பலருடைய பெயர்கள் நீக்கப்பட்டன. புனரமைப்புப் பணிகளிற் கண்ட குறைபாடுகளைக் கணக்காய்வாளர் நாயகமே 2005இல் இடைக்கால அறிக்கையாக வெளியிட நேர்ந்தது. கடலோரத் தடைவலயம் தெற்கிலே 100 மீற்றர் என்றும், வடக்குக் கிழக்கிலே 200 மீற்றர் என்றும் வகுக்கப்பட்டது. கரையோரத்தில் வாழ்ந்த நம்மவர் பலர் இருந்த மண்ணிலே வீடு கட்டும் உதவியைப் பெற இயலாது தவித்தனர். உதவியைப் பகிர்ந்துகொள்ளும் பொருட்டு 2005 ஜூன் 24இல் கையொப்பமிடப்பட்ட பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கையின் முக்கிய பகுதிகள், மூன்று வாரத்துள்ளே, ஜூலை 15இல், உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைக்கு உள்ளாயின. அரசியல் வேறு, நிவாரணம் வேறு என்று சொல்வோருக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

2023இலும் ஒரு பாடம் கிடைத்தது. அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் பட்டியல் வெளியானபோது, இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. அமைதிக் காலத்திலே, அவகாசத்தோடு தயாரிக்கப்பட்ட பட்டியலுக்கே அக்கதியானால், வெள்ளத்தின் நடுவிலே அவசரமாக எழுதப்படும் பட்டியலின் நிலை யாதாகும்?

டித்வாப் புயலின் பின்னர் வீடு துப்புரவு செய்ய 25,000 ரூபா, வீட்டுப் பாவனைப் பொருட்களுக்கு 50,000 ரூபா, முற்றாக அழிந்த வீட்டைக் கட்ட 50 இலட்சம் ரூபா வரை என்று அரசாங்கம் அறிவித்தது. முன்னைய தொகைகளோடு ஒப்பிடின் இவை பெரியவை. தொகை பெரிதாகும்போது பட்டியலைச் சுற்றி நடக்கும் போட்டியும் பெரிதாகும். அப்போட்டியிலே வழக்கமாக விடுபட்டுப் போவோர் யாவர்?

ஒருவர், பெண். கிழக்கு மாகாணத்திலே வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவது தொன்றுதொட்ட வழக்கம். தமிழரிடத்தும் முஸ்லிம் மக்களிடத்தும் அதுவே முறை. ஆனால் அரசாங்கப் படிவம் "குடும்பத் தலைவர்" என்று கேட்கின்றது. உத்தியோகத்தர் கணவனின் பெயரை எழுதுகின்றார். ஆழிப்பேரலைக்குப் பின்னர் இவ்வாறு தாய்வழி வந்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு கணவன் பெயருக்குப் போன சம்பவங்கள் பல.

மற்றொருவர், குத்தகைக் கமக்காரர். வயல் ஒருவருடையது, விதைத்தவர் வேறொருவர். பயிர் அழிந்தால் கடனாளியாவது விதைத்தவர். பதிவேட்டில் இருப்பதோ காணிக்காரரின் பெயர்.

இன்னொருவர், மலையகத் தோட்டத் தொழிலாளி. 1948இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று முழுக் குடிமக்கள். ஆயினும் அவர்கள் வாழும் லயன் அறை அவர்களுக்குச் சொந்தமன்று. அது நிற்கும் மண்ணும் சொந்தமன்று. சொந்த வீடு இழந்தவருக்கு உதவி என்று விதி எழுதப்பட்டால், ஒருபோதும் வீடு சொந்தமாகப் பெறாதவர் எதைக் காட்டி உதவி கேட்பார்?

இவர்களோடு, ஒரே கூரையின் கீழ் வாழும் இரண்டாவது குடும்பத்தையும், முகாமுக்குப் போகாமல் உறவினர் வீட்டில் ஒதுங்கியதால் எண்ணிக்கைக்கு வராதவரையும், அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் வெள்ளத்துக்குப் பறிகொடுத்தவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்பர்களே! அரசாங்கத்தை மட்டும் குறை கூறி அமர்ந்துவிட்டால் நாம் உண்மை பேசியவர்கள் ஆகமாட்டோம். ஒரு வெள்ளத்தின்போது நமது தொண்டர்களே ஒரு கிராமத்திற் பட்டியல் தயாரித்தார்கள். வீதியோரமாகச் சைக்கிளிற் சென்று, கண்ட வீடுகளை எழுதினார்கள். கோயிற் சபையார் சொன்ன பெயர்களைச் சேர்த்தார்கள். அப்பட்டியலை நாமே கையொப்பமிட்டு ஒப்படைத்தோம். பத்து நாள் கழிந்து வாய்க்காலுக்கு அப்பாற் சென்றபோதுதான் தெரிந்தது: அங்கே கூலிவேலை செய்து வாழும் குடியிருப்பு முழுவதும் விடுபட்டிருந்தது. எவரும் வேண்டுமென்று விட்டதில்லை. அங்கே போக வேண்டும் என்று எவருக்கும் தோன்றவுமில்லை. "உங்கள் பட்டியலிலும் நாங்கள் இல்லையா, தம்பி?" என்று ஒரு முதியவர் கேட்டார். அக்கேள்விக்கு இன்றும் நம்மிடம் விடை இல்லை. கொழும்பு நம்மை விலக்குகின்றது என்று முழங்கும் நாம், நமது ஊருக்குள்ளே யாரை விலக்குகின்றோம் என்பதையும் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆகவே, நாம் முன்வைக்கும் முறை இதுவாகும்.

முதற் பணம் சிறியதாகவும் விரைவாகவும் இருக்கட்டும். வெள்ளம் சூழ்ந்த பிரிவிலே வாழும் குடும்பங்கள் அனைத்துக்கும் நீண்ட விசாரணையின்றி அதை வழங்குக. பெரிய தொகைகளை விசாரணையின் பின்னர் வழங்குக. தகுதியற்ற ஒருவர் முதற் பணத்தைப் பெற்றுவிட்டால் அரசுக்குச் சிறிது நட்டம். தகுதியுள்ள ஒருவர் விடுபட்டால் ஒரு குடும்பமே பட்டினி. இவ்விரண்டும் ஒரே தராசில் நிற்கமாட்டா.

பட்டியலைத் தமிழிலே எழுதி, கிராம அலுவலரின் அலுவலகத்திலும் பாடசாலையிலும் கூட்டுறவுக் கடையிலும் ஒட்டுக. ஆட்சேபம் கூற நாட்கள் ஒதுக்குக. மறுக்கப்பட்டவருக்கு மறுப்பின் காரணத்தை எழுத்திற் கொடுக்குக. விசாரிக்கும் குழுவிலே மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் மீனவர் சங்கமும் அமரட்டும். வாய்க்காலுக்கு அப்பாலிருந்தும் ஒருவர் அமரட்டும். வீடு பெண்ணுக்குரியதாயின் பணமும் பெண்ணின் கணக்குக்கே போகட்டும். பயிர் இழப்பீடு விதைத்தவருக்குச் செல்லட்டும். வந்த பணத்தைப் பழைய கடனுக்கென்று வங்கி பிடித்துக்கொள்ளாதிருக்கட்டும்.

இவற்றைக் கேட்டுப் பெறச் சட்டம் நமக்குத் துணை நிற்கின்றது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் தேசிய சபையையும் நிலையத்தையும் அமைத்தது. ஆயினும் யாருக்கு எவ்வளவு என்பது பெரும்பாலும் சுற்றறிக்கைகளிலேயே உள்ளது. ஆகையால் அச்சுற்றறிக்கையைத் தமிழிலே கேட்டுப் பெறுங்கள். வடக்குக் கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. மலையகத்திலும் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டுள்ளன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பட்டியலையும் கணக்கையும் எழுத்திற் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவித்தல் வேண்டும். சமத்துவத்தை உறுதி செய்யும் 12ஆம் உறுப்புரை மீறப்பட்டால், 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அந்த ஒரு மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அவ்வெல்லையிற் சேராது. ஆகவே திகதி முக்கியம். அழுதுகொண்டு காலத்தைப் போக்காதீர்கள். கடிதம் எழுதி, அதன் பிரதியையும் பதிவுத் தபாற் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

கற்றோரிடம் ஒரு வேண்டுகோள். சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, எழுதுவினைஞர்களே! கச்சேரிக் கடிதத்தை வாசித்துச் சொல்லவும், படிவம் நிரப்பவும், மேன்முறையீடு எழுதவும் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதைக் கொடுங்கள். கமக்காரர்களே! மழைக்காலம் வருமுன்னர் உங்கள் செய்கையைக் கமநல சேவை நிலையத்திற் பதிவு செய்யுங்கள். குத்தகையை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், உறுதி ஆகியவற்றின் பிரதிகளை நனையாத உறையிலிட்டு உயரத்தில் வையுங்கள். ஒவ்வொரு கிராமத்திலும் குடும்பப் பட்டியலை இப்பொழுதே, வெயிற் காலத்திலேயே, தயாரித்து வைப்போம்.

அடுத்த புயல் எந்நாள் வரும் என்பதை நாம் அறியோம். வரும் என்பதை அறிவோம். அந்நாளிலே அரசாங்கத்தின் பட்டியலை நியாயக் கண்ணோடு பரிசோதிக்கும் தகுதி நமக்கு இருக்க வேண்டுமாயின், நமது பட்டியல் முதலில் நியாயமானதாக இருத்தல் வேண்டும். வாய்க்காலைக் கடந்து அக்கரைக்குச் சென்று, அங்கிருந்தே முதற் பெயரை எழுதத் தொடங்குவோமாக.