கைப்பழக்கமா, அறிவா?



பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ‘பூர்வகுடி அறிவையும் மேற்கத்திய அறிவியலையும் இணைப்போம்’ என்று என் துறையில் இப்போது அடிக்கடி பேசுகிறார்கள். கனடாவின் மிக்மாக் பூர்வகுடி மூத்தவர் ஆல்பர்ட் மார்ஷல் 2004இல் இதை ‘இரு கண் பார்வை’ என்றார். ஒரு கண்ணால் பூர்வகுடி அறிவின் பலத்தையும், மறு கண்ணால் மேற்கத்திய அறிவின் பலத்தையும் பார்ப்பது.

இங்கே உதாரணம் கேட்டால் உடனே ஆயுர்வேதம் என்பார்கள். நான் வடநெம்மேலியைச் சொல்வேன். பாம்புத்தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பிழந்த இருளர்களுக்காக 1978இல் அங்கே கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. தடம், எச்சம், உரித்த சட்டை பார்த்துப் பாம்பைக் கண்டுபிடிப்பது ஆய்வகத்துக்குத் தெரியாது. மருந்து தயாரிப்பு இருளருக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்தால்தான் உயிர் பிழைக்கும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

ஆனால் ஏட்டில் இருந்தால் ‘சாஸ்திரம்’, இருளர் கையில் இருந்தால் ‘பரம்பரைப் பழக்கம்’. எது அறிவு என்பதையே சாதிதான் முடிவு செய்கிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது, மகிழ்ச்சி. அதே சமூகத்தினர் செங்கல் சூளைகளிலிருந்து கொத்தடிமைகளாக மீட்கப்படும் செய்தியும் வருகிறது.

பழையது எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. பச்சிலையை நம்பி மருத்துவமனைக்குத் தாமதித்தால் உயிர் போகும். எந்த அறிவும் சோதனைக்கு உட்பட வேண்டும். கோமியத்துக்கும் அதே விதிதான்.

அதேபோல ஆய்வாளரும் கேள்விக்கு உட்பட வேண்டும். அரிசோனாவின் ஹவசுபாய் மக்கள் நீரிழிவு ஆய்வுக்கு என்று நம்பிக் கொடுத்த ரத்தம், மனச்சிதைவு ஆய்வுக்கும் முன்னோர் இடப்பெயர்வு ஆய்வுக்கும் போனது. வழக்குப் போட்டார்கள். 2010இல் இழப்பீட்டோடு ரத்த மாதிரிகளையும் திரும்ப வாங்கினார்கள்.

ஆகவே தோழர்களே, ‘இணைப்போம்’ என்று யாராவது வந்தால் கேளுங்கள். ஆய்வுக் கேள்வியை முடிவு செய்தது யார்? தரவு யார் கையில் இருக்கும்? ‘வேண்டாம்’ என்று சொல்ல அந்த மக்களுக்கு உரிமை உண்டா? அவர்கள் பெயர் ஆசிரியர் வரிசையில் வருமா, நன்றியுரையோடு முடிந்துவிடுமா?